கரிக்கை ஞானியும் நாலு பொட்டலமும்

காலை ஏழு மணிக்கெல்லாம் வரிசை பழைய சினிமாக் கொட்டகையின் வாசலைத் தாண்டி, பேருந்து நிறுத்தத்தைத் தாண்டி, பல் மருத்துவர் வீட்டுப் படியில் ஏறி இறங்கி, பெட்ரோல் பங்க்கில் போய் முட்டிக்கொண்டு நின்றது. புதுப்படம் ஒன்றும் வரவில்லை. அந்தக் கொட்டகையில் படம் ஓடிப் பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. இப்போது அங்கே ஓடிக்கொண்டிருந்தவர் கரிக்கை ஞானி. ஐந்தாவது மாதம், எல்லாக் காட்சிகளும் அரங்கு நிறைவு.

ஞானியிடம் ஒரு கரித்துண்டைக் கொடுத்தால் போதும். கண்ணைக் கறுப்புத் துணியால் கட்டிக்கொண்டு, அதை வலது உள்ளங்கையில் வைத்து மூடுவார். மூன்று பெருமூச்சு விடுவார். அந்தக் கரி எத்தனை ஆயிரம் ஆண்டுக்கு முன்னால் எரிந்தது என்று சொல்லிவிடுவார். தீயை மூட்டியது ஆணா பெண்ணா, அன்றைக்கு மழையா வெயிலா என்பதெல்லாம் இலவச இணைப்பு. மழையா வெயிலா என்று யாரும் திரும்பிப் போய்ப் பார்த்துவிட்டு வர முடியாது என்பதால், அந்த விஷயத்தில் அவர் ஒருமுறைகூடத் தவறியதில்லை.

கரிக்கு வயது சொல்வதோடு நிறுத்திக்கொண்டால் வரிசை பெட்ரோல் பங்க் வரை நீளுமா? நீளாது. ஞானி மனிதர்களிடமும் வந்தார். ஆதிமனிதன் மூட்டிய தீயில் பிறந்த கோளாறுதான் தலைமுறை தலைமுறையாக இறங்கி, இன்று நமக்கு முட்டிவலியாகவும் மூச்சுத்திணறலாகவும் வந்து நிற்கிறது என்று கண்டுபிடித்தார். "உன் முட்டிவலிக்கு ஏழாயிரம் வயசு" என்று அவர் சொன்னால், வந்தவர் பட்டம் வாங்கியவர்போல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வெளியே வருவார். வாசலில் விசாரிப்பு நடக்கும்.

"உங்களுக்கு எவ்வளவு சொன்னாரு?"

"ஏழாயிரம். உங்களுக்கு?"

"நாலாயிரந்தாங்க."

"அப்படியா? பரவாயில்ல, அதுவும் நல்ல வயசுதான்."

மருந்து ஒன்றுதான். ஆதிக்கரித் தூள். விடியற்காலையில் ஒரு சிட்டிகை, தண்ணீரில் கலக்கிக் குடிக்க வேண்டும். நிபந்தனையும் ஒன்றுதான். வேறு மாத்திரை எதுவும் உடம்பில் இருக்கக்கூடாது. மாத்திரை உள்ளே இருந்தால் ஆதிக்கரி உள்ளே வராதாம், அதற்கு அவ்வளவு ரோஷமாம்.

அந்த வரிசையை ஒட்டித் தன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள் இடுக்கி. பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. ஊருக்கு வெளியே மேட்டில் நடக்கும் அகழாய்வில், மாதிரி அறை அவளுடைய பொறுப்பு. குழியிலிருந்து வரும் கரித்துண்டுகளைப் பூதக்கண்ணாடிக்குக் கீழே வைத்து, அவற்றில் ஒட்டிய மண்ணையும் மயிரிழை வேரையும் இடுக்கியால் பிடுங்கி, அலுமினியத் தாளில் பொட்டலம் கட்டி, கார்பன் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவது வேலை. பேச்சிலும் எதையாவது கவ்விப் பிடித்துக்கொண்டால் விடமாட்டாள். அதனால் அந்தப் பெயர் அவளை விட்டுப் போகவே இல்லை.

வரிசையைக் கண்டாலே அவளுக்கு எரிச்சல் வரும். ஆனாலும் வேடிக்கை பார்க்காமல் போக மாட்டாள். அன்றைக்கும் பார்த்தாள். நாற்பத்தேழாவது ஆள் மடக்கு நாற்காலி போட்டு, மடியில் பிளாஸ்க்கும் செய்தித்தாளுமாக, கட்டுப்போட்ட இடது காலைச் சின்ன முக்காலியில் தூக்கி வைத்து, சௌகரியமாக உட்கார்ந்திருந்தது. அவளுடைய சொந்த அம்மா.

"அம்மா! நீ இங்க என்ன பண்ற?"

"பாத்தா தெரியல? உக்காந்திருக்கேன்."

"மாத்திரை சாப்ட்டியா?"

"சாப்ட்டேன்."

"எப்போ?"

"போன மாசம்."

இடுக்கிக்குத் தூக்கிவாரிப் போட்டது. அம்மாவுக்குப் பதினாறு ஆண்டுகளாகச் சர்க்கரை. ஒரு மாதத்துக்கு முன்னால் நகம் வெட்டும்போது பெருவிரலில் சின்னதாக ஒரு கீறல். அது ஆறாமல் புண்ணாகி, இப்போது விரலே கறுக்கத் தொடங்கியிருந்தது. மருத்துவர் முந்தின நாள்தான் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். திங்கட்கிழமை வந்து படுக்க வேண்டும், சர்க்கரையை இறக்கிப் புண்ணைச் சுத்தம் செய்தால் விரல் பிழைக்கும், தள்ளிப்போட்டால் விரலை எடுக்க வேண்டும், அப்புறம் பாதத்துக்கும் உத்தரவாதம் இல்லை. சர்க்கரை ஏன் இப்படி ஏறியது என்று அவரும் இடுக்கியும் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார்கள். காரணம் இங்கே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தது.

"திங்கக்கிழமை ஆஸ்பத்திரிக்கு வர்றல்ல?"

"ஞாயித்துக்கிழமை ஐயாவோட பெரிய அமர்வு இருக்கு. முன்வரிசைக்கு இன்னைக்கு டோக்கன் தர்றாங்க. அவரைக் கேட்டுட்டு சொல்றேன்."

"ஐயா வேணாம்னு சொன்னா?"

"வேணாம்னுதான் அர்த்தம்."

அம்மா ஒன்றும் தெரியாதவள் இல்லை. முப்பத்தொரு ஆண்டுகள் தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவள். ஊரிலுள்ள அத்தனை பேரின் பொய்யும் அவள் காது வழியாகத்தான் போய் வந்திருக்கிறது. "ஆபீஸ்ல மீட்டிங்" என்று ஒருவர் சொன்னால், அது எந்த வகை மீட்டிங் என்று குரலை வைத்தே சொல்வாள். அப்படிப்பட்டவள் காதிலேயே ஒருவர் பூச்சுற்றிவிட்டாரே என்பதுதான் இடுக்கியின் வயிற்றெரிச்சல்.

"அம்மா, அந்த ஆளு முன்னாடி ஆயுள் காப்பீட்டு ஏஜென்ட்டா இருந்தவரு. ஊருக்கே தெரியும்."

"இருந்தா என்ன? உயிரைப் பத்தி அப்பவே அக்கறை இருந்திருக்கு." அம்மா செய்தித்தாளை மடித்தாள். "நீ என்ன வேணா சொல்லு. அஞ்சு பொட்டலத்துல நாலு பொட்டலத்துக்குச் சரியா வயசு சொன்னாரா இல்லையா? உங்க மிஷினும் அதையேதானே சொல்லிச்சு?"

இடுக்கி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நகர்ந்தாள். அம்மா சொன்னது உண்மை.

எட்டு மாதத்துக்கு முன்னால் நடந்த கதை அது. அன்று பத்திரிகைக்காரர்கள் அகழாய்வைப் பார்க்க வந்திருந்தார்கள். கூட்டத்தோடு கூட்டமாக வந்த ஒரு மனிதர், "கரியைத் தொட்டா எனக்கு அதோட வயசு கேட்கும்" என்றார். பத்திரிகைக்காரர்கள் விடுவார்களா? "தொடட்டும் சார்" என்று இயக்குநரை மொய்த்துக்கொண்டார்கள்.

இயக்குநருக்கு எல்லோரும் வைத்திருந்த பெயர் லேபிள் சார். ரொம்ப நல்ல மனிதர். ஒரே ஒரு வெறி உண்டு. குழியிலிருந்து வரும் எந்தப் பொருளும் லேபிள் இல்லாமல் ஓர் அங்குலம் நகரக்கூடாது. பெட்டியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தால், எடுப்பவர் அதன் லேபிளை உரக்கப் படிக்க வேண்டும். எதிரில் இருப்பவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். அப்புறம்தான் பொட்டலத்தைப் பிரிக்கலாம். மாதிரிகள் மாறிப்போகாமல் இருக்க அதைவிட நல்ல வழி கிடையாது. அன்றைக்கும் அவர் பெருந்தன்மையாகச் சம்மதித்தார், ஒரே ஒரு நிபந்தனையோடு. லேபிளைப் படித்த பிறகுதான் கொடுப்பேன்.

"நாலாங்குழி! ஆழம் நூத்தி அறுபது சென்டிமீட்டர்! கரி!" என்று அவர் முழங்கினார். ஜீப் டிரைவர் அதைத் திருப்பி முழங்கினார். அந்த மனிதர் கண்ணை மூடிக்கொண்டு மூன்று பெருமூச்சு விட்டு, "மூவாயிரத்து ஐந்நூறு" என்றார். இப்படியே ஐந்து பொட்டலங்கள். மூன்று மாதம் கழித்து ஆய்வுக்கூடத்தின் அறிக்கை வந்தது. ஐந்தில் நான்கு, கொஞ்சம் முன்னே பின்னே, அவர் சொன்ன வயதேதான். அன்று பிறந்தார் கரிக்கை ஞானி. மறுவாரமே சினிமாக் கொட்டகைக்கு வெள்ளையடித்தார்கள்.

வரிசையில் அம்மாவைப் பார்த்த அன்று மாலை அடுக்களையில் அம்மா காலைத் தூக்கி ஒரு நாற்காலியில் வைத்துக்கொண்டு வெங்காயம் உரித்தாள். இடுக்கி பாத்திரம் துலக்கினாள். பேசாமல் இருப்பது அம்மாவுக்கு ஆகாத காரியம்.

"உங்க மிஷின் எப்படித்தான் கண்டுபிடிக்குது? அதையாவது சொல்லு."

"மரம் உயிரோட இருக்கிறவரைக்கும் காத்துலேர்ந்து கார்பனை இழுத்துக்கிட்டே இருக்கும். அதுல துளியூண்டு ஒரு தனி ரகம். சும்மா வச்சாலே தானா அழிஞ்சுக்கிட்டே இருக்கும். மரம் புதுசு புதுசா இழுக்கிறதால கணக்கு சரியாயிடும். மரத்தை வெட்டிட்டா..."

"லைன் கட்டு" என்றாள் அம்மா.

"அதேதான். புதுசா வராது. இருக்கிறது மட்டும் குறையும். ஐயாயிரத்து எழுநூறு வருஷம் ஆனா பாதிதான் மிச்சம். இன்னும் அவ்வளவு வருஷம் ஆனா அந்தப் பாதியில பாதி. மிச்சத்தை எண்ணிப் பாத்தா லைன் எப்போ கட்டாச்சுன்னு தெரிஞ்சுடும்."

"எண்றது தப்பாப் போனா?"

"போகும். அதனாலதான் ஒரே கரியை ரெண்டா உடைச்சு, வேற வேற நம்பர் போட்டு, சொல்லாம அனுப்புவோம். ரெண்டுக்கும் ஒரே வயசு வருதான்னு பாப்போம்."

"கரியில வேற எதுவும் கலந்திருந்தா?"

"அதுக்குத்தான் நான் காலையிலேர்ந்து சாயங்காலம்வரைக்கும் கண்ணு பூக்க உக்காந்து வேரைப் புடுங்குறேன்."

அம்மா தலையாட்டினாள். "நல்லாத்தான் இருக்கு. ஆனா மூணு மாசம் ஆக்குறீங்களே. அவர் மூணே மூச்சுல சொல்றாரு."

"அவருக்கு எப்படித் தெரியுதாம்?"

"அது சக்தி."

"என்கிட்ட இவ்வளவு கேள்வி கேட்டியே, அவர்கிட்ட ஒண்ணாவது கேட்டியா?"

அம்மா வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டே, "கேட்டா கோவிச்சுக்குவாருடி" என்றாள். இடுக்கிக்குச் சிரிப்பு வந்தது. பிறகு நாற்காலியிலிருந்த கால்கட்டு கண்ணில் பட்டது. இந்தக் காலோடுதான் அம்மா அவளுக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தாள், பின்னாலேயே மூச்சிரைக்க ஓடி ஓடி. அந்தக் கால் போகப்போகிறது, ஒரு சிட்டிகைக் கரித்தூளுக்காக.

மறுநாள் வெள்ளிக்கிழமை. மாதிரி அறைக்குப் போனதும் அவள் செய்த முதல் வேலை, பழைய பதிவேட்டை எடுத்தது. எல்லோரும் சரியாகச் சொன்ன நான்கையே பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் தப்பாகப் போன ஐந்தாவதைப் பிடித்துக்கொண்டாள்.

ஐந்தாவது பொட்டலம், ஆழம் இருநூற்று நாற்பது. ஞானி சொன்ன வயது ஐயாயிரத்து ஐந்நூறு. ஆய்வுக்கூடம் சொன்னது வெறும் முந்நூறு. "மிஷின் கோளாறு" என்று ஊர் முழுக்கச் சிரித்தார்கள். ஆனால் பதிவேட்டில் அவள் கையெழுத்திலேயே ஒரு குறிப்பு இருந்தது. "எலி வளைக்குள் கிடைத்தது. மேலிருந்து விழுந்திருக்கலாம்."

அப்படியென்றால் மிஷின் சொன்னதுதான் சரி. ஏதோ ஓர் எலி, மேலே கிடந்த முந்நூறு ஆண்டுக் கரியை வளை வழியாக உருட்டி ஆழத்தில் கொண்டுபோய்ப் போட்டிருக்கிறது. கரியின் வயதைக் கையால் கேட்பவருக்கு முந்நூறு என்றுதானே கேட்டிருக்க வேண்டும்? அவருக்கு ஏன் அந்த ஆழத்தின் வயது கேட்டது?

இடுக்கி பதிவேட்டை மூடிவிட்டு அகழாய்வின் நுழைவாயிலுக்கு நடந்தாள். அங்கே பள்ளிப் பிள்ளைகளுக்காக லேபிள் சார் ஆசையாக எழுதி வைத்த பெரிய பலகை ஒன்று நிற்கிறது. மேலிருந்து கீழாக மண்ணடுக்குகளின் படம். ஒரு மீட்டர் ஆழம், இரண்டாயிரம் ஆண்டு. இரண்டு மீட்டர், நாலாயிரத்து ஐந்நூறு. மூன்று மீட்டர், ஏழாயிரம். நான்கு மீட்டர், ஒன்பதாயிரத்து ஐந்நூறு. கீழே சிரிக்கும் ஓர் ஆதிமனிதன்.

முதல் மீட்டருக்கு இரண்டாயிரம், அதற்குக் கீழே மீட்டருக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு. இருநூற்று நாற்பது சென்டிமீட்டருக்கு எவ்வளவு? அவள் விரல்விட்டு எண்ணினாள். சரியாக ஐயாயிரத்து ஐந்நூறு. ஞானியின் கைக்கு எதுவும் கேட்கவில்லை. காதுக்கு லேபிள் கேட்டிருக்கிறது. மீதியை ஐந்தாம் வகுப்புக் கணக்கு பார்த்துக்கொண்டது. ரகசியத்தை ஊரறிய உரக்கப் படித்துக் கொடுத்தவர் லேபிள் சார், பலகையில் விடையை எழுதி வைத்தவரும் அவரே. அவருடைய நல்ல பழக்கம் இரண்டும் சேர்ந்து ஒரு ஞானியைப் பெற்றுப் போட்டிருந்தன.

சந்தோஷத்தில் அவளுக்கு அங்கேயே குதிக்க வேண்டும்போல இருந்தது. ஆனால் இதை வீட்டில் போய்ச் சொன்னால் அம்மா என்ன சொல்வாள் என்பதும் தெரியும். "பொறாமை" என்பாள். சொன்னால் போதாது, அம்மாவின் கண்ணெதிரே நடக்க வேண்டும்.

பலகைக்குப் பக்கத்தில் சோளக்கதிர் சுடுகிறவர் வண்டி போட்டிருந்தார். ஞானி புண்ணியத்தில் அவருக்கும் நல்ல வியாபாரம்.

"அண்ணே, ஒரு நல்ல கரிக்கட்டை குடுங்க. நீளமா, முடிச்சோட."

"சோளம் வேணாமா?"

"கரி மட்டும் போதும். இது எப்போ வெட்டின மரம்ணே?"

"மூணு மாசம்கூட இருக்காதும்மா. எங்க மச்சான் சூளையில போட்டது. ஏன், உங்க மேட்டுல கரி தீந்து போச்சா?"

மாதிரி அறைக்கு வந்து அந்தக் கட்டையை அவள் நான்காக உடைத்தாள். நான்கு பொட்டலங்கள், நான்கு லேபிள்கள். நாலாங்குழி, ஆழம் எண்பது. இருநூற்றுப் பத்து. முந்நூற்று முப்பது. கடைசி லேபிளை எழுதும்போது கொஞ்சம் யோசித்தாள். அப்புறம் விஷமமாக ஆழம் அறுநூறு என்று எழுதினாள்.

லேபிள் சாரிடம் பாதியை மட்டும் சொன்னாள். அவர் முகத்துக்குப் பொய் சொல்லத் தெரியாது. "ஞாயித்துக்கிழமை மேடையில அவர் நாலு பொட்டலத்துக்கு வயசு சொல்லட்டும் சார். நீங்களே வந்து படிச்சுக் குடுங்க."

"லேபிள் இருக்குல்ல?"

"பிரமாதமா இருக்கு சார்."

ஞானியின் மேனேஜருக்குத் தலைகால் புரியவில்லை. "அகழாய்வு இயக்குநர் முன்னிலையில் நேரடி நிரூபணம்" என்று சனிக்கிழமை மதியத்துக்குள் ஊரெல்லாம் சுவரொட்டி ஒட்டிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை கொட்டகையில் ஈ நுழைய இடமில்லை. மாடிப்படி, ஜன்னல் விளிம்பு, பழைய டிக்கெட் கவுண்டர், எங்கும் தலைகள். முன்வரிசையில் அம்மா, முக்காலியும் கட்டுமாக. பின்னால் சோளக்காரர் கூடையோடு உள்ளேயே வந்து விற்றுக்கொண்டிருந்தார். மேடையில் ஞானி கண்ணைக் கட்டிக்கொண்டு, கரி அப்பிய வலது கையை நீட்டி அமர்ந்திருந்தார். அந்தக் கையை அவர் கழுவியே எட்டு மாதம் ஆகிறது என்று பக்தியோடு பேசிக்கொண்டார்கள். சாப்பிடுவது எந்தக் கையால் என்று யாரும் கேட்கவில்லை.

லேபிள் சார் தொண்டையைச் செருமிக்கொண்டு, வழக்கப்படி முழங்கினார். "நாலாங்குழி! ஆழம் எண்பது! கரி!"

மேனேஜர் ஒலிபெருக்கியில் திருப்பி முழங்கினார். மூன்று பெருமூச்சு. "ஆயிரத்து ஐந்நூறு வருஷம். ஒரு கிழவன் குளிர் காய்ஞ்ச தீ. நல்ல வெயில் காலம்."

வெயில் காலத்தில் கிழவன் ஏன் குளிர் காய்ந்தான் என்று யோசிப்பதற்குள் கைத்தட்டல் கிளம்பிவிட்டது. ஆழம் இருநூற்றுப் பத்துக்கு நாலாயிரத்து எழுநூற்று ஐம்பது. முந்நூற்று முப்பதுக்கு ஏழாயிரத்து எழுநூற்று ஐம்பது. ஐம்பதைக்கூட விடவில்லை மனிதர், காப்பீட்டுத் துறையில் வாங்கிய பயிற்சி வீணாகவில்லை. கூட்டம் வாயைப் பிளந்தது. அம்மா திரும்பி, கடைசி வரிசையில் நின்ற மகளைப் பார்த்து, "பாத்தியா?" என்பதுபோலப் புருவத்தைத் தூக்கினாள்.

"நாலாங்குழி! ஆழம் அறு..." லேபிள் சார் நின்றுவிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். லேபிளை மறுபடி பார்த்தார். கடைசி வரிசையில் இடுக்கி "படிங்க சார்" என்று கையைக் காட்டினாள். "ஆழம் அறுநூறு" என்றார் அவர், இழுத்தாற்போல.

மேனேஜர் உற்சாகமாக, "ஆழம் அறுநூறு!" என்றார். ஆறு மீட்டர்! இதுவரை யாரும் தராத ஆழம். ஞானியின் முகம் மலர்ந்தது. பெருமூச்சு இந்த முறை ஐந்து.

"பதினாலாயிரத்து ஐந்நூறு! உலகத்தோட முதல் அடுப்பு இது! ஒரு தாய் மூட்டின தீ. அன்னைக்குப் பேய்மழை!"

கொட்டகை அதிர்ந்தது. அந்த ஆரவாரம் அடங்கும்வரை காத்திருந்துவிட்டு, லேபிள் சார் ஒலிபெருக்கிப் பக்கம் குனிந்து, தயக்கத்தோடு சொன்னார்: "இதுல ஒரு சின்னத் தகவல் இடிக்குதுங்க. நாலாங்குழியில நாலு மீட்டர் முப்பதுலயே பாறை வந்துருச்சு. போன வாரந்தான். அதுக்குக் கீழ எங்களுக்குக் குழியே கிடையாது."

ஞானியின் கை கரியோடு அந்தரத்தில் நின்றது. இடுக்கி கூட்டத்தை விலக்கிக்கொண்டு மேடையேறினாள். நாலு கரித்துண்டுகளையும் வாங்கி, மேசையில் விரித்த வெள்ளைத் துணியில் வரிசையாக வைத்தாள். முதல் துண்டின் உடைந்த முனையை இரண்டாவதன் முனையோடு சேர்த்தாள். பல்லோடு பல்லாகப் பொருந்தியது. மூன்றாவதும் பொருந்தியது. நான்காவதும் பொருந்தியதும், முடிச்சோடு ஒரு முழக் கட்டை முழுசாக வந்துவிட்டது. அதைத் துணியோடு தூக்கிக் காட்டினாள்.

"ஒரே கட்டைங்க. இந்த முனைக்கு ஆயிரத்து ஐந்நூறு வயசாம். அந்த முனைக்குப் பதினாலாயிரத்து ஐந்நூறாம். மரம் ஒண்ணுதான், வயசு மட்டும் நாலு. லேபிளை நான் இஷ்டத்துக்கு எழுதினேன். இவர் கரியைத் தொட்டு வயசு சொல்லலீங்க. ஆழத்தைக் கேட்டுட்டு, எங்க வாசல் பலகையில இருக்கிற கணக்கைச் சொல்றாரு. போறப்போ நீங்களும் பலகையைப் பாருங்க, நீங்களும் ஞானி ஆயிடலாம்."

"ஏம்மா, அது என் கரிதானே?" பின்னாலிருந்து சோளக்காரரின் குரல். "வெள்ளிக்கிழமை வாங்கிட்டுப் போனீங்களே, அந்த முடிச்சு! எங்க மச்சான் சூளைக் கரிங்க அது!"

"அன்னைக்குப் பேய்மழையா அண்ணே?" என்று ஜன்னலில் தொங்கிய ஒருவர் கேட்டார்.

"பொட்டு மழை இல்ல. தாயும் இல்ல. மச்சானுக்குப் பெரிய மீசை."

கொட்டகையே வெடித்துச் சிரித்தது. ஞானி கண்கட்டை அவிழ்த்தார். அவர் முகம் பேயறைந்தாற்போல இருந்தாலும் வாய் தைரியத்தை விடவில்லை. "சோதனை பண்றீங்களா? என்னையா? ஆதித்தீ சந்தேகப்படுறவங்க முன்னாடி பேசாது! சந்தேகம் வந்த இடத்துல சக்தி விலகிடும்!"

"விலகல ஐயா, நாலு தடவையும் சரளமாப் பேசிச்சே" என்றாள் இடுக்கி.

கூட்டத்தில் முணுமுணுப்பு. சிலர் சிரித்தார்கள், சிலர் இன்னும் தவித்தார்கள். "கரி விஷயத்துல தப்பியிருக்கலாம், ஆனா என் முட்டிவலியைக் கரெக்டா சொன்னாரே" என்று ஒருவர் பரிதாபமாகச் சொன்னார். ஏமாந்தோம் என்று ஒப்புக்கொள்ளும் வலி முட்டிவலியைவிடப் பெரிது.

அப்போதுதான் முன்வரிசையில் முக்காலி நகரும் சத்தம் கேட்டது. அம்மா எழுந்து நின்றாள், ஒற்றைக் காலில் பாரம் போட்டுக்கொண்டு. முப்பத்தொரு ஆண்டு ஆபரேட்டர் குரலுக்கு ஒலிபெருக்கி தேவைப்படவில்லை.

"ஐயா, ஒரு விஷயம். நான் முதல் தடவை வந்தப்போ என் நோயை நான் சொல்லாமயே சொன்னீங்க. சர்க்கரை, கால் புண்ணு, பதினாறு வருஷம்னு அடுக்கினீங்க. நான் அப்படியே ஆடிப் போயிட்டேன்."

"ஆமா தாயே! சொன்னேனா இல்லையா?" ஞானிக்கு உயிர் திரும்பியது.

"சொன்னீங்க. ஆனா அதுக்கு முன்னாடி டோக்கன் குடுக்கிற இடத்துல ஒரு சீட்டு எழுதச் சொன்னாங்க. பேரு, வயசு, என்ன நோய், எத்தனை வருஷமா. நான்தான் எழுதினேன். அதை இந்த மேனேஜர் உங்ககிட்ட நீட்டுறப்போ, 'ஐயா, அறுபத்திமூணு வயசு, சர்க்கரை, கால் புண்ணு, பதினாறு வருஷம்'னு முழங்கினாரு. இந்த சார் லேபிள் படிச்ச மாதிரியே." அம்மா மூச்சு வாங்கினாள். "நான் எழுதிக் குடுத்ததை எனக்கே படிச்சுக் காட்டியிருக்கீங்க. நான் அதைக் கேட்டு அழுதேன்யா. மாத்திரையைக் குப்பையில போட்டேன்."

அப்புறம் முட்டிவலிக்காரர் மெதுவாகத் தன் பையிலிருந்து இன்றைய அமர்வுக்காக எழுதி வைத்திருந்த டோக்கன் சீட்டை எடுத்துப் பார்த்தார். அவர் பார்த்ததும் பக்கத்திலிருந்தவர் பார்த்தார். அரங்கம் முழுக்கக் காகிதம் சரசரக்கும் சத்தம். ஒவ்வொருவர் சீட்டிலும் அவரவர் கையெழுத்தில் அவரவர் நோய். ஆயிரம் பேரும் தங்கள் லேபிளைத் தாங்களே எழுதி ஒட்டிக்கொண்டு வந்திருந்தார்கள்.

"மைக்கை ஆஃப் பண்ணு!" என்று மேனேஜர் அலறினார். அதையும் ஒலிபெருக்கியிலேயே அலறியதுதான் பரிதாபம். கூட்டம் மேடையை நோக்கி நகர்வதற்குள் ஞானி பின்வாசல் வழியாக வெளியே பாய்ந்தார். தெருக்குழாயடியில் அவர் சோப்புப் போட்டுக் கை கழுவுவதைப் பல் மருத்துவரின் மாடியிலிருந்து பார்த்தவர்கள் உண்டு. கழுவி முடிப்பதற்குள், கூட்டத்துக்குக் காவல் நின்ற காவலர்கள் வந்துவிட்டார்கள். கையில் வெள்ளையும் கறுப்புமாக நுரை வழிய, அவர்களோடு ஜீப்பில் ஏறினார்.

லேபிள் சார் இடுக்கியைத் தனியாகக் கூப்பிட்டார். வேறு வேறு நம்பர் போட்டுச் சோதிப்பது நியாயமான முறைதான் என்றார். "ஆனா நாலு லேபிள்லயும் நீ தேதி எழுதலம்மா" என்று வருத்தத்தோடு சேர்த்துக்கொண்டார். மறுநாளிலிருந்து மேட்டுக்கு வரும் வெளியாட்கள் முன்னால் அவர் லேபிளை மனசுக்குள்தான் படிக்கிறார்.

திங்கட்கிழமை காலை அம்மா ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாள். இரவே மாத்திரை போட்டாயிற்று, இடுக்கி எதிரில் நின்று விழுங்க வைத்தாள். ஒரு செவிலியர் காகிதமும் பேனாவுமாக வந்து, பெயர், வயது, என்ன நோய், எத்தனை வருஷமாக என்று கேட்டார். அம்மா பேனாவை வாங்காமல் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நான் இதை எழுதிக் குடுத்தா, உங்க டாக்டர் அதையே எனக்குத் திருப்பிப் படிச்சுக் காட்டுவாரா?"

"அவர் எங்கம்மா படிப்பாரு? ரத்தம் எடுத்துப் பாத்துட்டுத்தான் பேசுவாரு. நீங்க எழுதினது தப்பா இருந்தா திட்டவும் செய்வாரு."

"அப்போ குடுங்க" என்று அம்மா பேனாவை வாங்கினாள்.

விரல் பிழைத்தது. ஆறு வாரம் ஆனது. மருந்து வைத்துக் கட்டும்போதெல்லாம் அம்மா, இது என்ன மருந்து, எதற்கு, எப்படி வேலை செய்யும், வேலை செய்கிறது என்று எப்படித் தெரியும் என்று கேட்டுக் கேட்டு அந்த வார்டையே ஒரு வழி பண்ணிவிட்டாள். மருத்துவர் ஒருநாள் களைத்துப் போய், "இந்தக் கேள்வியெல்லாம் அந்த ஆள்கிட்ட கேட்டிருக்கலாமே அம்மா" என்றார். "அவர் கோவிச்சுக்குவாருன்னு பயந்தேன் டாக்டர்" என்றாள் அம்மா. "நீங்க கோவிச்சுக்கல பாருங்க, அதனாலதான் உங்ககிட்ட காலைக் குடுத்திருக்கேன்."

கேள்வி கேட்டதும் கோபப்படுகிறவரிடம் உடம்பையோ பிள்ளையையோ புத்தியையோ ஒப்படைக்க வரிசையில் நிற்கிறீர்களா? நில்லுங்கள், உங்கள் விருப்பம். உங்கள் சீட்டில் என்ன எழுதலாம் என்று மட்டும் சொல்லிவிடுகிறேன். நோய் என்ற இடத்தில் "யோசிப்பதில்லை" என்று எழுதுங்கள். அவர்கள் அதை உரக்கப் படித்தாலாவது உங்கள் காதில் விழட்டும்.